என்டருக்குப் பிறகு கை மடியில்

நீங்கள் எனக்கு வழியனுப்பு நாளில் கொடுத்த மவுஸ் வேலை செய்யாது. இதை முதலில் சொல்லி முடித்துவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

குறை சொல்லவில்லை. பளபளக்கும் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, "அக்காவின் ஜென்ம விரோதி" என்று மேலே எழுதி ஹசீனா அதை என்னிடம் நீட்டியபோது கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கூத்தாநல்லூர் போகிற சாலையில் அந்த இணைய சேவை மையத்தை நான் நடத்திய காலம் முழுவதும், புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் மாதம் மவுஸ் கிடையாது. அதைக் கழற்றி, டிராயருக்குள் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுவேன். இணையத்தில் எதைத் தேடுவதானாலும், எந்த விண்ணப்பம் போடுவதானாலும் கீபோர்டு மட்டும்தான். அப்படிப்பட்டவளுக்கு மவுஸையே பரிசாகக் கொடுத்தது நல்ல கிண்டல்தான்.

ஆனால் ஒயர் இல்லாத அந்த மவுஸுக்கு விரல் நகம் அளவில் ஒரு ரிசீவர் உண்டு. அது இப்போதும் உங்கள் இரண்டாவது கம்ப்யூட்டரின் முதுகில் சொருகியிருக்கிறது. உடம்பை எனக்குக் கொடுத்துவிட்டு உயிரை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள்.

இது எனக்குத் தெரியவந்த நேரம்தான் சரியில்லை. என் மகள் நிவேதாவின் கல்லூரி இடம் ஒரு பழைய லேப்டாப் திரையில் தொங்கிக்கொண்டிருந்த பிற்பகலில் தெரியவந்தது. அந்தப் பிற்பகலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்திரண்டு வயதிலேயே நாற்காலியை விட்டு எழுந்தவள் நான். ஓய்வு பெற்றவர்கள் வாயைத் திறந்தால் எவ்வளவு நீளும் என்று எனக்கும் தெரியும். அதனால் எந்தச் சாவியை எதோடு சேர்த்து அழுத்த வேண்டும் என்ற பாடமெல்லாம் இதில் இல்லை. அது கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாமல் விட்டதை மட்டும் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது தஞ்சாவூரில், அரிசி ஆலைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். ஆலை ஓடத் தொடங்கினால் உமித் தூசி பறந்து வந்து அந்த உருண்டையில் அப்பிக்கொள்ளும். திரையில் அம்பு ஓரிடத்திலேயே நின்று தள்ளாடும். வருகிறவர்கள் மவுஸை மேசையில் தட்டுவார்கள், வாயால் ஊதுவார்கள், ஒருவர் வேட்டி நுனியால் துடைத்துப் பொட்டு வைக்காத குறையாக வைத்துவிட்டுப் போனார்.

சென்டரை நடத்திய பெண் என்னைவிட ஐந்தாறு வயது சிறியவள். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மரியாதை குறையாமல் திட்டுவது சிலருக்கு மட்டும்தான் வரும். அவளுக்கு வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த உமி திங்கிற ஜந்துவை இப்படிக் குடுங்க" என்று முதல் நாளே மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது இல்லாம எப்படி மேடம்?"

"கீபோர்டுல நூறு சாவிக்கு மேல இருக்கு. மவுஸ்ல ரெண்டே ரெண்டு. நூறு பேரை வேலைக்கு வச்சுக்கிட்டு, அந்த ரெண்டு பேரையே ஏன் போட்டு இம்சை பண்றீங்க?"

டேப் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும், ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் வந்த வழியே திரும்பும் என்பதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாதது வேறு. இந்த நிமிடம் திரையில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது. மவுஸ் பிடிக்கிறவருக்கு அம்பு இருக்கும். நமக்கு ஒரு மெல்லிய நீலக் கோடுதான். அது எந்தக் கட்டத்தைச் சுற்றி நிற்கிறதோ அங்கேதான் நாம் நிற்கிறோம். என்டர் அங்கேதான் விழும். சில இணையதளங்களில் அழகுக்காக அந்தக் கோட்டையும் எடுத்துவிடுவார்கள். அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிற கதைதான்.

எனக்கு இதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. என் என்டர் ஒன்றாக வராது. டொக், டொக் என்று இரண்டாக வரும். பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுப் போட்டு வந்த பழக்கம். முதல் என்டர் பக்கத்தை அனுப்பும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி ஏதோ சம்மதம் கேட்கும். இரண்டாவது என்டர் சம்மதம் என்று சொல்லிவிடும். என்ன கேட்கிறது என்று படித்துக்கொண்டிருந்தால் கும்பகோணத்துக்காரர் இடத்தைப் பிடித்துவிடுவார். "அந்தப் பொண்ணு ரெண்டு தட்டு தட்டினா டிக்கெட் வந்துரும்" என்று பேர் பரவியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஒருநாள் ஒரு பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்.

"இங்க ரெண்டு தட்டு தட்டுற பொண்ணு யாரு?"

பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன்.

"நீதானா தாயி? என்னைப் பரண்ல ஏத்திட்டியே!"

"என்னங்க தாத்தா?"

"மேல் பெர்த்து. நான் ஏணி ஏறி முடிக்கிறதுக்குள்ள விழுப்புரம் வந்துருச்சு. சரி இறங்கிடலாம்னு பாத்தா, ஏத்திவிட்ட பய விழுப்புரத்துலயே இறங்கிப் போயிட்டான். விடியிற வரைக்கும் தேங்கா மூட்டை மாதிரி மேலயே கெடந்தேன்."

கீழ் பெர்த் இல்லை, மேல் பெர்த் சம்மதமா என்று பெட்டி கேட்டிருக்கிறது. அவருடைய முழங்காலின் சார்பில் என் இரண்டாவது டொக் சம்மதம் சொல்லியிருக்கிறது.

மேடம் அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, அவர் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்க என்டர் அடுத்த கேபின்ல எனக்கு ரெண்டு தடவை கேக்குது. ஒன்னு உங்களோடது. இன்னொன்னு யாரோடது?"

நான் என் விரலையே பார்த்தேன்.

"இனிமே ஒரு என்டர் தட்டினீங்கன்னா கையை எடுத்து மடியில வைங்க. வந்திருக்கிறதைப் படிச்சு முடிச்சப்புறம்தான் கை மேல வரணும்."

"அதுக்குள்ள டிக்கெட் போயிருமே மேடம்?"

"போனா நாளைக்கு இன்னொரு ரயில் வரும். அவரு மேலேருந்து விழுந்தா இன்னொரு தாத்தா வருவாரா?"

சொன்னதோடு விடவில்லை. இரண்டாவது டொக் கேட்டால் என் கேபின் மின்விசிறியை நிறுத்திவிடுவாள். சித்திரை மாதத் தஞ்சாவூரில் மின்விசிறி இல்லாமல் எதுவும் சீக்கிரம் மனதில் பதியும். அந்தக் கோடை முடிவதற்குள் என் கை தானாகவே மடிக்குப் போகப் பழகிவிட்டது. பிறகு நான் சொந்தமாக மையம் தொடங்கியபோதும் கையோடு அந்தப் பழக்கமும் வந்தது. நீங்கள் அதைப் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் "அக்கா தியானத்துல இருக்காங்க" என்று சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிக் கதவில் எல்லாம் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹசீனா, நீ சேர்ந்த புதிதில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். வாசல்வரை வரிசை நின்றது. பாதி நிரப்பிய விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தைக் கைதவறி மூடிவிட்டாய். அது பெரிய விஷயமே இல்லை, திரும்பத் திறந்து திரும்ப நிரப்பினால் போகிறது. ஆனால் நீ "ஐயோ!" என்றாய். அவ்வளவுதான். வரிசையே எழுந்து நின்றது. கடைசியில் நின்றவர் "என்னோட நிலம் போயிருச்சா?" என்றார். அவருடைய விண்ணப்பத்தை நாம் இன்னும் தொடக்கூட இல்லை. "உங்க நிலம் உங்க ஊர்லயேதான் இருக்குங்க, நான் எங்கயும் எடுத்துட்டுப் போவலை" என்று நான் சொல்லித்தான் அவர் உட்கார்ந்தார்.

அன்றைக்கு உனக்குச் சொன்னேன்: தப்பு நடந்தால் முகம் மாறக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் திரை தெரியாது. நம் முகம்தான் அவருக்குத் திரை.

இவ்வளவும் மற்றவர்களுடைய காரியங்களில் கற்றது. சொந்தக் காரியம் வந்தபோது என்ன ஆனது என்பதுதான் மிச்சம்.

நிவேதாவுக்கு வேளாண்மை படிக்க வேண்டும் என்று ஆசை. "நம்ம வீட்டுல வயலைப் பத்திப் பேசாத நாளே இல்ல, அதை வேற காசு குடுத்துப் படிக்கணுமா?" என்று அவள் அப்பா கேட்டுப் பார்த்தார். "நீங்க பேசறதெல்லாம் தப்புன்னு சொல்றதுக்காகவாவது படிக்கணும்ப்பா" என்றாள். கலந்தாய்வில் அவளுக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் இடம் வந்தது. அவள் மதிப்பெண்ணுக்கு அது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடைத்த இடம். குறித்த நாளில் மாலை ஐந்து மணிக்குள் ஏற்கிறேன் என்று இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். விட்டால் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த சுற்றில் அந்தப் படிப்பில் அவளுக்கு இடம் மிஞ்சாது.

முதல் நாளே முடித்திருக்க வேண்டியதுதான். முதல் நாள் நாளும் நட்சத்திரமும் சரியில்லை என்று என் மாமியார் போனில் சொன்னார். மறுநாள் காலையில் இணையதளம் திறக்கவே இல்லை. மதியம் மையத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஹசீனாவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இன்னிக்கு டவுன்ல மாசாந்திர ஷட்டவுன்கா. அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் வராது. இன்வெர்ட்டரும் படுத்துருச்சு. நானே விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கிராமத்தில் எங்களுக்குக் கரண்ட் இருந்தது. நிவேதாவின் மாமா பழையது என்று கொடுத்த லேப்டாப் இருந்தது. அதில் விரலைத் தேய்த்து அம்பை நகர்த்துகிற டச்பேடு மட்டும் வேலை செய்யாது, போன தீபாவளிக்குப் பாயசம் குடித்துவிட்டு அது கண்ணை மூடிவிட்டது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது.

"அதனால என்னம்மா? உனக்குத்தான் கீபோர்டே போதுமே" என்றாள் நிவேதா.

போதும்தான். இருபது வருடமாகப் போதும் என்று சொல்லி வந்தவள்தான். ஆனால் அந்த நேரம் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பீரோல ஒரு மவுஸ் இருக்கு பாரு. எடுத்துட்டு வா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் எடுத்துவந்தாள். ரிப்பனைப் பிரித்தோம். பேட்டரி போட்டோம். அடியில் சிவப்பு விளக்குகூட எரிந்தது. திரையில் அம்பு அசையவே இல்லை. அவள்தான் திருப்பிப் பார்த்து ரிசீவர் இல்லை என்று கண்டுபிடித்தாள்.

"செத்த மவுஸை கிஃப்ட்டாக் குடுத்திருக்காங்கம்மா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கை வேர்த்திருந்தது.

பதிவு செய்த போன் அவள் அப்பாவுடையது என்பதால் அவர் அன்று குறுவை நடவு வயலுக்குப் போகாமல் வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். தேவைப்பட்டால் தஞ்சாவூருக்கே ஓட்டிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரகசிய எண் வந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி ஏலம் விடுகிற குரலில் படித்தார். உள்ளே நுழைந்தோம்.

பக்கத்தில் நிவேதாவின் பெயர், கல்லூரியின் பெயர், கீழே வரிசையாகச் சில தேர்வுகள். எல்லாம் ஆங்கிலத்தில். முதலாவது, இடத்தை ஏற்றுக்கொள்கிறேன். நடுவில் காத்திருக்கிறேன் என்று சொல்கிற இரண்டு மூன்று வகைகள். கடைசியாக, கலந்தாய்விலிருந்தே விலகிக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வட்டம். எந்த வட்டத்தில் புள்ளி விழுகிறதோ அதுதான் நம் முடிவு. வரிசைக்குக் கீழே, உறுதி செய்யும் பொத்தான்.

என் கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தது. பக்கத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் திரையில் இரண்டு வரிக்கு மேல் தெரியவில்லை. டேப் தட்டி முதல் வட்டத்துக்குப் போனேன். ஸ்பேஸ் தட்டினேன். புள்ளி விழுந்தது. நிவேதாவும் பார்த்தாள்.

பொத்தான் கீழே இருந்தது. பக்கத்தைக் கீழே தள்ளுவதற்குக் கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். பக்கம் நகர்ந்தது. இன்னும் அழுத்தினேன். இன்னும் நகர்ந்தது. பொத்தான் கண்ணில் பட்டதும் நிறுத்தினேன்.

இங்கே உங்களில் யாராவது "ஐயோ" என்றிருந்தால் உங்களுக்குத் தொழில் தெரியும் என்று அர்த்தம். நான் வட்டங்களின் வரிசைக்குள் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நிற்கும்போது கீழ் அம்புக்குறி பக்கத்தைத் தள்ளாது. புள்ளியைத் தள்ளும். புள்ளி ஒவ்வொரு வட்டமாகக் கீழே இறங்க, அதைத் துரத்திக்கொண்டு பக்கமும் இறங்கியிருக்கிறது. பொத்தான் கண்ணில் பட்டபோது புள்ளி கடைசி வட்டத்தில் நின்றது. இதை எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! முதல் மாதத்தில் டிராயருக்குள் மவுஸ் இருந்தவர்கள் எல்லோரும் என்னிடம் இதற்காகத் திட்டு வாங்கியவர்கள்தான். அன்றைக்கு நான் புள்ளியைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பார்த்தேன். மகள் காலேஜ் பையோடு பஸ் ஏறுவதைப் பார்த்தேன்.

டேப். நீலக் கோடு பொத்தானைச் சுற்றியது. என்டர்.

ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. நான் அதைப் படிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சுவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். ஆனால் என் கை மடிக்குப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவே போனது. மின்விசிறி நின்றுவிடும் என்று அதற்கு இன்னும் பயம் இருந்ததோ என்னவோ.

நிவேதா என் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

"அம்மா. விலகறதா போட்டிருக்கு."

"என்னது?"

"கலந்தாய்வுலேருந்து விலகறீங்க, உறுதி செஞ்சா அப்புறம் மாத்த முடியாதுன்னு போட்டிருக்கும்மா. ஓகேவா, கேன்சலான்னு கேக்குது."

ஓகே மேல் நீலக் கோடு நின்றது. இன்னொரு டொக் போதும்.

நான் ஒன்றும் பேசவில்லை. வாசலில் பைக் ஸ்டாண்டு தட்டும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"ஒன்னுமில்ல."

"நீ கத்தினா நான் பயப்பட மாட்டேன். நீ சத்தமில்லாம இருக்கே. என்னாச்சு?"

கடை வரிசையில் நிற்பவர்களிடம் செல்லுபடியான முகம் வீட்டில் செல்லுபடியாகவில்லை.

எஸ்கேப் தட்டினால் பெட்டி மூடிவிடும், எதுவும் பதிவாகாது என்று எனக்குத் தெரியும். எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் விரலைச் சாவிக்குக் கொண்டுபோக முடியவில்லை. இந்த இணையதளத்தில் மட்டும் வேறு மாதிரி வைத்திருந்தால்? எஸ்கேப்புக்கும் ஓகே என்றே எடுத்துக்கொண்டால்? அந்தச் செத்த மவுஸ் பக்கத்தில் கிடந்தது. அதன் மேல் கை வைத்து, கேன்சல் என்ற எழுத்தின் மேலேயே அம்பைக் கொண்டுபோய்க் குத்த வேண்டும்போல இருந்தது. இடது கையால் மவுஸை மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன்கூட. அரிசி ஆலைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் தட்டியதுபோல.

பிறகு அதே கையால் போனை எடுத்தேன். வலது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"ஹசீனா, ஒரு பெட்டி வந்திருக்கு. தப்பான பெட்டி."

ஹசீனா, உனக்கு நினைவிருக்கும். நீ ஒரு நிமிடம் நான் விளையாடுகிறேன் என்றே நினைத்தாய்.

"எஸ்கேப் தட்டுங்கக்கா."

"தட்டலாமா?"

"என்னக்கா இது? தப்பான பெட்டி வந்தா பேசாம எஸ்கேப் தட்டு, தலையே போனாலும் தட்டுன்னு எனக்கு நீங்கதான சொல்லுவீங்க?"

"தெரியும்டி. யாராவது எனக்குச் சொல்லி ஒரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு."

நீ சிரிக்கவில்லை. அதற்கு நன்றி. "சொல்றேங்கக்கா. எஸ்கேப் தட்டுங்க. நான் லைன்ல இருக்கேன்" என்றாய்.

தட்டினேன். பெட்டி மறைந்தது. பக்கம் அப்படியே இருந்தது. நிவேதாவின் பெயரும் இருந்தது, கல்லூரியின் பெயரும் இருந்தது. அவள் அப்பா எதற்கென்றே தெரியாமல் "அப்பாடா" என்றார்.

ஷிஃப்டோடு டேப் தட்டி வந்த வழியே திரும்பினேன். கடைசி வட்டத்தில் அந்தப் புள்ளி ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது. மேல் அம்புக்குறியால் அதை ஒவ்வொரு படியாக ஏற்றி முதல் வட்டத்தில் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தைச் சிறிதாக்கினேன், எறும்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முழு வரிசையும் ஒரே திரையில் தெரியட்டும் என்று. நிவேதா ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, புள்ளி எங்கே என்று விரல் வைத்துக் காட்டினாள். டேப் தட்டினேன். கோடு பொத்தானுக்குப் போனது. திரும்ப ஒருமுறை மேலே போய்ப் புள்ளியைப் பார்த்தேன். திரும்பக் கீழே வந்தேன். திரும்பவும் மேலே போகப் பார்த்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா, போதும். நீ கையை மடியில வச்சுக்க. நான் தட்டறேன்."

"ரெண்டு தட்டிறாதே."

"தெரியும்மா."

"ஒன்னு தட்டிட்டு—"

"அம்மா!"

நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் என்டர் தட்டினாள். ஒரே ஒரு டொக். தட்டிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதியவள். அவள் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் நினைத்திருந்தேன்.

பெட்டி வந்தது. முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளிவரை படித்தாள். இடத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள், உறுதியா என்று கேட்டது. எனக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னாள். போனில் நீ மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது ஹசீனா. நிவேதாவின் கை மடியிலிருந்து எழுந்தது, தட்டியது, மடிக்குத் திரும்பியது.

பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. அவளுடைய இடம் அவளுடையதானது.

நான் திரும்பிப் பார்த்தபோது கதவோரம் நின்ற அவள் அப்பா இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் வச்சுக்கிட்டீங்க, நானும் வச்சுக்கிட்டேன்."

அதற்குப் பிறகுதான் மூவரும் சிரித்தோம். போனில் நீயும்.

கல்லூரி திறந்துவிட்டது. நிவேதா பஸ்ஸில் போய்வருகிறாள். நெல் வயலுக்குத் தண்ணீரை எப்போதும் கட்டியே வைக்க வேண்டியதில்லை என்று சாப்பாட்டு நேரத்தில் அப்பாவோடு சண்டை போடுகிறாள். இருந்தாலும் அவள் கிளம்பிப்போன பிறகு நான் சில நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பச்சை வரி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. மூடுகிறேன். சமையல் செய்துகொண்டிருக்கும்போது நினைப்பு வந்தால் கரண்டியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். இன்னொரு டொக் என்ற எண்ணம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்கு இதைச் சொல்லுங்கள். உங்களிடம் வருகிற ஒவ்வொருவரும் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த மாதிரிதான் உள்ளங்கை வேர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். திரை தெரியாததால் சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் இருபது வருடம் மேசையின் இந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். அந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

மவுஸை நிவேதாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் இரண்டாவது கம்ப்யூட்டரின் முதுகில் அதன் உயிர் இருக்கிறது, சேர்த்துவிடுங்கள். டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டாம். யாருக்கு எது வசதியோ அதைப் பிடிக்கட்டும், இனி எனக்கு விரோதம் இல்லை. மவுஸில் ஓகே என்று குத்துகிறவர்களும் குத்துவதற்கு முன் கையை ஒருமுறை மடியில் வைத்து எடுக்கட்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கண்ணாடிக் கதவில் எனக்கு இனி எதுவும் தெரியாது.